வீடியோ ஒட்டோஸ்கோப்: படம் தெளிவாக விழ என்ன செய்வது, எந்தெந்த வேலைக்குப் பயன்படுத்துவது?

வெள்ளவத்தைக்_காது:
வணக்கம். வெள்ளவத்தையில் சின்ன செவிப்புலன் நிலையம். ஓடியோமெட்ரி (கேட்டல் பரிசோதனை), ரிம்பனோமெட்ரி (காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறையின் அசைவை அளப்பது), மோல்டுக்கு (காதின் வடிவில் செய்யும் அடைப்புக்கு) அச்செடுத்தல், கேட்டற் கருவி பொருத்தி ரியல் இயர் அளவீடு (காதுக்குள் விழும் ஒலியை அளப்பது), எல்லாம் செய்கிறோம். இத்தனை நாளும் கண்ணை வைத்துக் காதுக்குள் பார்க்கிற சாதாரண ஒட்டோஸ்கோப்தான். இப்போது லப்டொப்பில் செருகுகிற வீடியோ ஒட்டோஸ்கோப் ஒன்று வாங்கியாயிற்று. பாவித்துவிட்டு எறியும் முனைக்கூம்பு (ஸ்பெகியூலம்) 2.5 மி.மீ., 4 மி.மீ. இரண்டு அளவிலும் இருக்கிறது.

ஏ.சி. அறையில் முனையை உள்ளே விட்டவுடன் படத்தில் மூடுபனிபோலப் புகார் படிகிறது. ஒரே ஆளின் வலது செவிப்பறை வெளிறியும் இடது பறை சிவந்தும் வருகிறது. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே நிறம். பறையின் முழு வட்டமும் ஒரு படத்துக்குள் விழுவதில்லை, முன்பக்கம் எப்போதும் வெட்டுப்படுகிறது.

இதைவிடப் பெரிய கேள்வி: வருகிற எல்லோருக்கும் படம் எடுத்து வைக்கவா, தேவைப்படுகிறவர்களுக்கு மட்டுமா? காது மூக்கு தொண்டை (ஈ.என்.டி.) டொக்டருக்கு அனுப்புவதென்றால் எப்படி அனுப்பினால் அவருக்குப் பயன்படும்?

பறைநோக்கி:
கண்ணாடியில் படியும் புகாரை முதலில் தீர்ப்போம். காதுக்குழாயின் உட்பகுதி உடம்புச் சூட்டோடும் ஈரப்பதத்தோடும் இருக்கிறது. ஏ.சி.யில் குளிர்ந்து கிடந்த கண்ணாடி உள்ளே போனதும் அந்த ஈரம் அதில் படிகிறது. ஆள் கதிரையில் இருக்கும்போதே விளக்கைப் போட்டுவிடுங்கள். வரலாறு கேட்கிற இரண்டு மூன்று நிமிடத்துக்குள் எல்.ஈ.டி.யின் சூடே முனையை வெதுவெதுப்பாக்கிவிடும். அது போதாவிட்டால் முனையை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடியுங்கள், அல்லது எண்டோஸ்கோப்புக்கென்று விற்கிற புகார்த் தடுப்புத் திரவத்தில் ஒரு துளி தடவித் துடையுங்கள். வெந்நீரில் தோய்ப்பது நீர் புகாத ரிஜிட் எண்டோஸ்கோப்புக்கு மட்டும். யூ.எஸ்.பி. தலைக்குள் நீர் போனால் கமரா அதோடு சரி.

நிறம் மாறுவது கமராவின் தானியங்கி வெண்சமநிலையால். குழாயின் வாசலில் மஞ்சள் குறும்பி நிறைய இருந்தால் மென்பொருள் அதைச் சமன்செய்யப் போய்ப் பறையின் நிறத்தைக் குழப்பும். ஒவ்வொரு நாளும் முதல் ஆளுக்கு முன் வெள்ளைத்தாளைக் காட்டி வெண்சமநிலையைப் பூட்டிவிடுங்கள். பூட்ட வசதியில்லாத மென்பொருள் என்றால் நிறத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். வெளிச்சமும் இதே கதைதான். முன்னால் ஒரு மயிரோ ஈரக் குறும்பியோ பளபளத்தால் கமரா அதற்கு ஏற்ற மாதிரி வெளிச்சத்தைக் குறைத்துவிடும், பின்னால் உள்ள பறை இருண்டு போகும். 4 மி.மீ. ஸ்பெகியூலம் போகிற குழாய்க்கு 2.5 போடாதீர்கள். பெரிய வாய் மயிரை ஒதுக்கித் தள்ளும், வெளிச்சமும் கூட வரும்.

முன்பக்கம் வெட்டுப்படுவதற்குக் காரணம் குழாயின் முன்சுவர். அது உள்ளே புடைத்து, பறையின் முன்-கீழ் மூலையை மறைக்கிறது. காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வெளிப்பகுதி நேராகும். கைக்குழந்தை என்றால் கீழும் பின்னுமாக இழுக்க வேண்டும். அதற்குப் பிறகும் மறைந்தால் ஆழமாகத் தள்ளாதீர்கள், கோணத்தை மாற்றுங்கள்: முனையை மூக்கின் பக்கம் சற்றுச் சாய்த்தால் முன்பகுதி கொஞ்சம் கூடத் தெரியும். வளர்ந்தவரின் குழாய் சுமார் 2.5 செ.மீ. நீளம். வெளி மூன்றிலொரு பங்கு குருத்தெலும்பு, மிச்சம் எலும்பு. எலும்புப் பகுதியின் தோல் மிக மெல்லியது, முனை பட்டாலே நோகும். சிலருக்கு இருமல் வரும், வேகஸ் நரம்பின் கிளை அங்கே ஓடுவதால். இருமினால் தலை ஆடும். அதனால்தான் சின்னவிரலும் உள்ளங்கை ஓரமும் கன்னத்தில் ஊன்றியிருக்க வேண்டும் என்பது. கருவியைப் பென்சில்போலப் பிடித்துக் கையைக் கன்னத்தில் ஊன்றினால் தலை ஆடும்போது கையும் சேர்ந்து ஆடும்.

முழுப் பறையையும் ஒரு படத்தில் பிடிக்கிற பிடிவாதத்தை விடுங்கள். வாசல், குழாயின் நடு, பறை என்று மூன்று போதும். பறைக்கு மட்டும் கோணம் மாற்றி இரண்டு எடுங்கள். அதில் ஒன்றிலாவது சம்மட்டி எலும்பின் சிறு முனைக்கு மேலுள்ள தளர்ந்த பகுதி தெளிவாக விழ வேண்டும். கொலெஸ்ட்டியட்டோமா (நடுக்காதுக்குள் தோல் வளர்ந்து எலும்பை அரிக்கும் நோய்) பெரும்பாலும் ஒளிந்திருப்பது அங்கேதான். அந்த மேல்மூலையில் காய்ந்த குறும்பிபோல ஒரு மண்ணிறப் பொருக்கு ஒட்டியிருந்தால் அதைக் குறும்பி என்று எழுதிவிட்டுக் கடந்து போகக்கூடாது.

இன்னொன்று. கமரா கைக்குள் சுழன்றால் படமும் சுழலும். பற்றரிப் பெட்டியின் மேல் அச்சடித்த எழுத்தைத் திரையில் நேராக வரவைத்து, அப்போது கருவியின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். சரியாகப் பிடித்தால் பறையில் விளக்கு பளிச்சிடும் ஒளிக்கூம்பு வலக்காதில் 5 மணிப் பக்கமும் இடக்காதில் 7 மணிப் பக்கமும் விழும். திரையில் 10 மணியில் விழுந்தால் முதலில் உங்கள் பிடியைச் சந்தேகப்படுங்கள், காதை அல்ல.

ராகமைப்_பக்கம்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் படம் எவ்வளவு தெளிவாக வந்தாலும் அது தட்டையான படம். ஒரு கமராவுக்கு ஆழம் தெரியாது. பறை உள்ளே இழுபட்டிருக்கிறதா என்பதை நேரே பார்க்க முடியாது, அறிகுறிகளால் ஊகிக்க வேண்டும்: சம்மட்டியின் பிடி குட்டையாகத் தெரியும், சிறு முனை துருத்தி நிற்கும், ஒளிக்கூம்பு உடைந்திருக்கும். ஆகவே ரிம்பனோமெட்ரி தரும் கோட்டை (ரிம்பனோகிராமை) பக்கத்தில் வைக்காமல் படத்தை வாசிக்காதீர்கள்.

இரண்டும் ஒத்துப்போக வேண்டும். வளர்ந்தவருக்குக் குழாயின் கனவளவு பொதுவாக 0.6 தொடக்கம் 1.5 மி.லி. வரை வரும், சிலருக்கு 2 வரை போகும். கோடு தட்டை, கனவளவு பெரியது என்றால் ஓட்டையோ குரொமெற்றோ (பறையில் வைக்கும் சிறு காற்றுக் குழாய்) இருக்க வேண்டும். படத்தில் அது தெரியாவிட்டால் மறைந்திருக்கும் முன்மூலையை மறுபடி தேடுங்கள். கோடு தட்டை, கனவளவு சாதாரணம் என்றால் நடுக்காதில் நீர். பறை மங்கிய மஞ்சளாகவோ, உள்ளே நீர்மட்டக் கோடு அல்லது குமிழியோடோ தெரியும். கோடு தட்டை, கனவளவு மிகச் சிறியது என்றால் குறும்பி அடைத்திருக்கிறது, அல்லது அளக்கிற முனை (புரோப்) சுவரில் முட்டி நிற்கிறது. எதுவென்று படம் உடனே சொல்லிவிடும்.

ஏமாற்றுகிற படங்களில் முதலாவது ஆறிப்போன ஓட்டை. புதிதாக மூடிய தோல் அவ்வளவு மெல்லியது, படத்தில் கறுத்த துளையாகவே தெரியும். ரிம்பனோகிராம் சாதாரண கனவளவும் உயர்ந்த சிகரமும் காட்டினால் அங்கே தோல் இருக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புத் திட்டு இன்னொன்று. பழைய அழற்சியின் தழும்பு, பெரும்பாலும் கேட்டலைக் கெடுப்பதில்லை. சீழ் என்று நினைத்து ஆளைப் பயப்படுத்திவிடாதீர்கள். சிவப்பும் அப்படித்தான். அழுத பிள்ளையின் பறை சிவந்திருக்கும். குழாயைத் தொட்டாலே சம்மட்டியின் பிடி நெடுகிலும் இரத்தக் குழாய்கள் சிவந்து தெரியும். சிவப்பு மட்டும் தொற்றுக்கு ஆதாரம் இல்லை.

கொழும்புக் காற்றின் ஈரத்துக்குப் பூஞ்சணத்தை மறக்கக்கூடாது. வெள்ளைப் படலமும் அதன்மேல் கறுப்புப் புள்ளிகளும் தெரிந்தால் பெரும்பாலும் அஸ்பர்ஜிலஸ் நைகர். நாள் முழுக்க மோல்டு அடைத்த காதில் இது இன்னும் வேகமாக வளரும். அந்தக் காதுக்கு அன்று அச்செடுக்கவும் வேண்டாம், புரோப் வைக்கவும் வேண்டாம். பூஞ்சணம் ஆறும்வரை மோல்டைக் கழற்றி வைக்கச் சொல்லி டொக்டரிடம் அனுப்புங்கள்.

மோல்ட்_மணியம்:
எல்லாருக்கும் படம் வேணுமா எண்டு கேட்டிருக்கிறியள் தம்பி. ஆளை எண்ணாதேங்கோ, வேலையை எண்ணுங்கோ. படத்தை நம்பி அடுத்த வேலை ஒண்டு நடக்குதெண்டா எடுங்கோ. அச்சு எடுக்க முன்னம் ஒண்டு, ஒட்டோபிளொக் (சிலிக்கன் பறைப் பக்கம் போகாமல் தடுக்கிற, நூல் கட்டின அடைப்பு) வைச்ச பிறகு ஒண்டு, அச்சை வெளியில எடுத்த பிறகு ஒண்டு. இந்த மூண்டும் கட்டாயம். மிச்சம் உங்கட விருப்பம்.

ஏனெண்டு சொல்லுறன். பறையில ஓட்டை, குரொமெற், காதுக்குப் பின்னெலும்பில (மாஸ்டொயிட்) ஒபரேஷன் செய்த பெரிய குழி, இதில எது இருந்தாலும் சிலிக்கன் உள்ள போய் நடுக்காதுக்குள்ள இறுகினா ஒபரேஷன் செய்துதான் எடுக்கவேணும். முதல் படம் அதைப் பிடிக்கத்தான். இப்பிடியான காதுக்கு ஈ.என்.டி. பாத்துச் சரி எண்டு சொல்லாமல் கை வைக்க வேண்டாம்.

ரெண்டாவது படம் ஒட்டோபிளொக்குக்கு. அது ரெண்டாம் வளைவைத் தாண்டி நிக்கவேணும், குழாயைவிட ஒரு அளவு பெரிசா இருக்கவேணும். கமராவைச் சுத்திக் காட்டேக்க ஓரத்தில பிறை வடிவத்தில இருட்டு இடைவெளி தெரிஞ்சா, சிறிஞ்சின்ர அழுத்தத்துக்கு சிலிக்கன் அதுக்குள்ளால ஓடிவிடும். வெளிய எடுத்துப் பெரிசு போடுங்கோ. நூலைச் சுவரோட சேத்துக் கீழ்ப்பக்கமா விடுங்கோ, அச்சுக்கு நடுவில போனா வடிவம் கெடும். எங்கட சூட்டுக்கு சிலிக்கன் பெட்டியில போட்ட நேரத்துக்கு முந்தியே இறுகத் தொடங்கும், கலந்தா நிண்டு யோசிக்க நேரமில்லை.

மூண்டாவது படம் உங்களைக் காப்பாத்திறது. சிலிக்கன் துண்டு மிஞ்சியிருக்கா, தோல் உரிஞ்சிருக்கா, இரத்தம் பொட்டா நிக்குதா, எல்லாம் தெரியும். நாளைக்கு ஆரும் வந்து காது நோகுது எண்டா கையில படம் இருக்கும். இரத்தம் மெலிசாக்கிற மாத்திரை எடுக்கிற ஆக்களிட்ட இதை விசேசமாப் பாக்கவேணும்.

ரியல் இயருக்கும் இது பெரிய உதவி. புரோப் ரியூபில (ஒலியை அளக்க உள்ள விடுற மெல்லிய குழாயில) கறுப்பு வளையத்தை ஆம்பிளைக்கு 30 மி.மீ., பொம்பிளைக்கு 28 மி.மீ.-இல வைச்சு, வளையம் காதுவாசலின் முன் குழிவில நிக்கிற அளவுக்கு விடுறம். ஆனா எல்லாற்ற குழாயும் ஒரே நீளமில்லை. ரியூபின்ர நுனி பறைக்கு 5 மி.மீ. அளவில நிக்கவேணும். 15 மி.மீ. தள்ளி நிண்டா பறையில பட்டுத் திரும்பிற ஒலியால வாற நிலையலையால 5,700 ஹேர்ட்ஸ் பக்கத்தில ஒரு குழி விழும். அதை நிரப்பப் போய்க் கருவியில ஒலியைக் கூட்டினா ஆளுக்கு விசில் கேக்கும், இல்லாட்டிக் காது கூசும். கமராவால பாத்தா ரெண்டு செக்கனில விளங்கும். நுனி குறும்பிக்குள்ள குத்தி நிண்டா வளைகோடு முழுக்கத் தாழும், அப்ப ரியூபை மாத்துங்கோ, ஊதிப் பாவிக்காதேங்கோ.

வெள்ளவத்தைக்_காது:
மிக்க நன்றி எல்லோருக்கும். மணியம் அண்ணை, ஒட்டோபிளொக் வைத்த பிறகு படம் எடுக்கிற பழக்கம் இதுவரை இல்லை, இனி வைப்போம். இன்னும் இரண்டு கேள்வி. திரையை ஆட்களுக்குக் காட்டுவது எப்போது நல்லது? காதுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர், படம் முழுக்கப் பளபளக்கிறது. அதற்கு என்ன செய்வது?

கொட்டாஞ்சேனை_அக்கா:
திரையை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள் முதலில். பக்கத்தில் வைத்தால் ஆள் தன் காதைப் பார்க்க ஆவலில் தலையைத் திருப்புவார், முனை உள்ளே இருக்கும்போதே. சுவரில் கீறல் விழுவது பெரும்பாலும் அப்படித்தான். நேர் எதிரே, கண் மட்டத்தில் வையுங்கள். வசதியில்லை என்றால் முனையை வெளியே எடுத்த பிறகு உறைந்த படத்தைக் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு முதலில் அவர்களின் விரல்நகத்தையோ அம்மாவின் காதையோ திரையில் காட்டினால் பயம் தெளியும்.

திரையில் ஒரு நெல்மணி அளவுக் குறும்பியும் பாறையாகத் தெரியும். வீட்டுக்குப் போய்க் கொட்டன் பட்ஸால் நோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். இயல்பான காது ஒன்றின் படத்தை அருகில் வைத்துக் காட்டுங்கள். கொஞ்சக் குறும்பி காதுக்குத் தேவை, அது தானாக வெளியே வரும் என்று சொல்லுங்கள். வித்தியாசமாக ஏதாவது இருந்தால் நோயின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டாம். "இந்த இடம் மற்றக் காதைப்போல இல்லை, டொக்டர் பார்க்க வேண்டும்" என்றால் போதும். படத்தைக் காட்டிக் கருவி விற்கிற பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. செவிநரம்புக் குறைபாட்டுக்குப் பறையின் படத்தில் எதுவுமே தெரியாது. அதைக் காட்டி "பாருங்கோ எவ்வளவு பழுதாய்ப் போச்சு" என்பது வெறும் ஏமாற்று.

எண்ணெய்க்கு வருவோம். உள்ளி போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் நம் வீடுகளில் நிற்கப்போவதில்லை. அப்பொயின்ட்மென்ட் கொடுக்கும்போதே இரண்டு நாளைக்கு முன்னாலிருந்து காதுக்குள் ஒன்றும் விட வேண்டாம் என்று சொல்லுங்கள். வந்துவிட்டால் வாசலை மட்டும் பஞ்சுத் திரியால் ஒற்றி எடுங்கள், ஆழமாக விடாதீர்கள். குறும்பி இறுகியிருந்தால் ஒலிவ் எண்ணெய் அல்லது 5 சதவீத சோடியம் பைகாபனேற் துளிகள், மூன்று தொடக்கம் ஐந்து நாள். ஓட்டை இருக்கலாம் என்ற சந்தேகம், குரொமெற், பழைய ஒபரேஷன், அந்த ஒரு காதால் மட்டுமே கேட்கிறவர், இவர்கள் யாருக்கும் குறும்பி எடுக்க நீர் பாய்ச்சக் கூடாது. நேரே ஈ.என்.டி.

படம் அனுப்புவது பற்றி. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தரவு விசேட வகைக்குள் வருகிறது. சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், தமிழிலும் சிங்களத்திலும் படிவம் வைத்திருங்கள். கோப்பின் பெயரில் ஆளின் பெயர் வேண்டாம், பதிவிலக்கம், திகதி, வலதா இடதா, அவ்வளவும் போதும். வலது இடது மாறுவதுதான் மிக அதிகமாக நடக்கிற பிழை. எப்போதும் வலது முதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீழ் வடிகிற காது இருந்தால் மட்டும் அதைக் கடைசிக்கு விடுங்கள், புதிய ஸ்பெகியூலத்தோடு. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்தால் உள்ளபடியே போகும். படத்தோடு ஓடியோகிராமும் ரிம்பனோகிராமும் கட்டாயம். டொக்டருக்கு எழுதும்போது கண்டதை எழுதுங்கள்: "இடது பறை, பின்-மேல் பகுதியில் ஏறத்தாழ 2 மி.மீ. கறுத்த பகுதி, கனவளவு 3.4 மி.லி., வளைகோடு தட்டை, காற்று-எலும்பு இடைவெளி 25 டெசிபெல்." (காற்று-எலும்பு இடைவெளி என்பது காற்று வழியும் எலும்பு வழியும் கேட்கும் மட்டங்களின் வித்தியாசம்.) யாரை முதலில் பார்ப்பது என்று அவர் முடிவெடுக்க இது போதும்.

புறக்கோட்டைச்_சந்தி:
இடையில் ஒரு சந்தேகம். புறக்கோட்டையில் ஃபோனோடு வைஃபையில் இணைகிற காதுக் கமரா சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. படமும் மோசமில்லை. அதை வைத்து ஆரம்பித்தால் என்ன?

பறைநோக்கி:
சொந்தக் காதின் வாசலைப் பார்க்கச் சரி, நிலையத்துக்குச் சரிவராது. முதல் காரணம் தாமதம். வைஃபை வழியே படம் சற்றுப் பிந்தி வருகிறது. திரையில் முனை நடுவில் நிற்கும், உண்மையில் அது ஏற்கெனவே சுவரைத் தொட்டிருக்கும். மாடிக் கட்டடங்களில் பக்கத்து வீட்டு ரௌட்டர்கள் எல்லாம் சேர்ந்து தாமதம் இன்னும் கூடும். இரண்டாவது, ஸ்பெகியூலம் இல்லை. சுமார் 3.9 மி.மீ. தடித்த வெற்று முனை, மயிரும் எண்ணெயும் நேரே கண்ணாடியில் படும். பலதில் நுனியில் குறும்பித் தோண்டி வேறு. மூன்றாவது, படம் எந்தச் செயலியின் எந்தச் சேவையகத்துக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. அக்கா சொன்ன சம்மதப் படிவம் அதோடு அர்த்தமில்லாமல் போகும். காசு இறுக்கம் என்றால் நல்ல ஹலோஜன் அல்லது எல்.ஈ.டி. கை ஒட்டோஸ்கோப்பே மேல்.

சுத்தம் பற்றியும் யாரும் சொல்லவில்லை. ஸ்பெகியூலம் ஒரு ஆளுக்கு ஒன்று. கழுவித் திரும்பப் பாவிக்கிற வேலை வேண்டாம். தலையையும் பிடியையும் 70 சதவீத அல்கஹோல் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு அடுத்த ஆள். கருவிக் கையேடு அல்கஹோலைத் தடுத்தால் அதில் சொன்ன கிருமிநாசினியை எடுங்கள், சில பிளாஸ்ரிக்குகள் அல்கஹோலில் வெளிறி வெடிக்கும். நீராவியால் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவில் போடவே கூடாது. இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடின பெட்டி, நிறம் மாறினதும் ஜெல்லை மாற்றுங்கள். இங்கேயுள்ள ஈரத்துக்குக் கண்ணாடியின் உட்புறத்திலேயே பூஞ்சணம் பிடிக்கும், பிடித்த பிறகு துடைத்து எடுக்க முடியாது.

ராகமைப்_பக்கம்:
படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காத்திருக்காமல் அனுப்ப வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் (எஃப்.டி.ஏ.) பட்டியல் இங்கேயும் நல்ல வழிகாட்டி: கடந்த ஆறு மாதத்துக்குள் சீழ் வடிந்தது, திடீரென்று கேட்டல் குறைந்தது, தலைச்சுற்று, 500, 1,000, 2,000 ஹேர்ட்ஸில் 15 டெசிபெல் அல்லது அதற்கு மேல் காற்று-எலும்பு இடைவெளி. திடீர்க் கேட்டற் குறைபாட்டில் பறை பெரும்பாலும் முழுக்கச் சாதாரணமாகவே தெரியும். "படம் நல்லாயிருக்கு" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மருந்து வேலை செய்யக்கூடிய நாட்கள் போய்விடும்.

மோல்ட்_மணியம்:
இன்னொண்டு, கருவி பொருத்திற எல்லாரும் தெரிஞ்சிருக்கவேணும். கருவியின்ர நுனியில மாட்டிற ரப்பர் மூடி (டோம்) கழண்டு காதுக்குள்ள நிண்டுவிடும், ஆளுக்கே தெரியாது. ஓரம் தெளிவாத் தெரிஞ்சு, வெளி மூண்டிலொரு பங்கில நிண்டா முனைமழுங்கின இடுக்கியால மெல்ல எடுக்கலாம். உள்ள போயிருந்தா தோண்டாமல் அனுப்புங்கோ.

ஆனா பற்றரி எண்டா கதை வேற. 10ஆம் இலக்கப் பற்றரியின்ர விட்டம் 5.8 மி.மீ.தான், பிள்ளையளின்ர காதுக்குள்ளயே போகும். திரையில வெள்ளி நிறத்தில வட்ட விளிம்போ, சுத்திக் கறுத்த கசிவோ தெரிஞ்சா எண்ணெய், துளிமருந்து, தண்ணி ஒண்டும் விடாதேங்கோ. ஈரம் பட்டா அரிப்பு இன்னும் வேகமாகும், சில மணித்தியாலத்துக்குள்ள தோலும் பறையும் கருகிப்போகும். படம் எடுத்துக்கொண்டு நிக்கவும் வேண்டாம். பிள்ளை எண்டா லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு, பெரியாக்கள் எண்டா தேசிய வைத்தியசாலைக்கு, அப்பவே. திங்கட்கிழமை கிளினிக் மட்டும் பொறுக்கிற விசயமில்லை.